நாற்பத்தொன்று

ஆறு மில்லிமீற்றர் என்றார் ஸ்கேன் எடுத்தவர்.
கிளினிக் துண்டின் பின்புறம்
டொக்டர் ஓர் அவரை விதை வரைந்தார்,
அதிலிருந்து ஒரு வாய்க்கால்,
வாய்க்காலின் நடுவே ஒரு புள்ளி.
"இங்கேதான் அடைத்துக் கிடக்கிறது. நிறையத் தண்ணீர் குடியுங்கள்."
பதினெட்டு வருடம் த்ரீவீலர் ஓட்டுகிறவனிடம்
சொல்வது சுலபம்.
பொரளைச் சந்தியில்
எங்கே நிறுத்தி எங்கே இறங்க?

கபோஸ் லேனில் மூலிகைக் கடை.
காய்ந்த கட்டு இருநூற்றி எண்பது ரூபா.
சீட்டில் சிங்களத்தில் எழுதியிருந்ததை
எழுத்துக் கூட்டினேன்: நீரமுல்லிய.
அட, நீர்முள்ளி.
வாலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு
இங்கே வந்து விலைபோகிறாயா?
கொலன்னாவைச் சதுப்பில்,
கொண்டெய்னர் யார்ட் வேலிக்குப் பின்னால்,
ஹயர் இல்லாத மத்தியானங்களில் நான் தூங்கும் இடத்தில்
ஓசியில் வளர்கிறவள்தானே நீ.

கணுவுக்கு ஆறு முள்.
முள்ளுக்கு நடுவே
நீலத்தில் தொடங்கி ஊதாவுக்குப் போகாமல் நின்ற நிறம்,
வாயைத் திறந்தபடி பூ,
கீழுதட்டில் மட்டும் மஞ்சள் பட்டிருக்கும்.
எருமை கோரையைத் தின்னும், கங்குனைத் தின்னும்,
ஷொப்பிங் பையைக்கூடத் தின்னும்.
இதன் பக்கம் வந்தால்
ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

நான் போனபோது
முழங்கால் சேற்றில் ஒரு பெண் நின்றாள். பெயர் இரேஷா.
நாலு பைப் துண்டு, மஞ்சள் கயிறு, ஒரு சதுரம்.
உள்ளே இருப்பதையெல்லாம் எண்ணுகிறாளாம்.
கொட்டி ஏழு.
நீர்முள்ளி நாற்பத்தொன்று.
தவளை ஒன்று, எழுதுவதற்குள் பாய்ந்துவிட்டதால் இல்லை.
"வெளியே எவ்வளவும் பிடுங்குங்கள் அண்ணா,
கயிற்றுக்குள்ளே மட்டும் வேண்டாம்."

வெளியேதான் பிடுங்கினேன். மூன்று நாள் குடித்தேன்.
நாலாம் இரவு வலி
விலாவைத் திருகியபோது
வெளியே இருப்பதெல்லாம் மெலிசு,
உள்ளே இருப்பதுதான் மருந்து என்று பட்டது.
ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுக் கையை விட்டேன்.
வேரோடு ஒன்று.
ஒரு முள் உள்ளங்கையிலேயே முறிந்து தங்கிவிட்டது.

கல் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை,
பெற்றோல் ஷெட் கழிவறையில்.
மூலிகையா, தண்ணீரா, தானாகவா, தெரியாது.
'டிங்' என்றது. அவ்வளவுதான்.

மறுமாதம் அவள் வந்தாள்.
நாற்பது.
மறுபடி எண்ணினாள். மூன்றாம் தடவையும்.
சேற்றைக் குனிந்து பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
எருமை என்று எழுதினாள்.
நான் என் சீட்டில்
எருமை மாதிரி இருந்தேன்.

வைகாசி மழைக்கு முன் இரவில் லொறிகள் வந்தன.
இடித்த சுவர், உடைந்த டைல்,
யாரோ வீட்டு வொஷ்பேசின்.
காலையில் கற்களுக்கு அடியிலிருந்து
மஞ்சள் கயிற்றின் நுனி மட்டும்.
பைப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் துண்டை
அறுத்து எடுத்துக்கொண்டேன். ஏனென்று தெரியாது.

பிறகு மழை.
தண்ணீர் இரவெல்லாம் தேடியிருக்க வேண்டும்,
விடியற்காலை வெல்லம்பிட்டியில்
என் வீட்டுக் கதவைத் தட்டியது.
கோபம் வரவில்லை.
அதுதான் எங்கே நிறுத்தி எங்கே இறங்கும்?

வடிந்த பிறகு அலுமாரிக்கு மேல்
அந்த ஒன்றின் நுனி கிடந்தது,
அவிக்காமல் ஒடித்துப் போட்டது.
நனைந்த காய்கள் வெடித்திருந்தன.
விதைகளைத் தம்ளரில் போட்டேன்.
வழுவழுப்பாய் ஊதி
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன, தவளை முட்டை மாதிரி.
பதினொன்று வரை எண்ணினேன்,
அதற்குமேல் பிரிக்க முடியவில்லை.

பிளாஸ்டிக் துண்டில் ஒரு தொலைபேசி எண்.
மூன்று ரிங் போனது.
"ஹலோ?"
மிஸ், அது எருமை இல்லை.